சிரிக்கிற ஷாட்

படத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் இப்போதே போனை எடுத்துத் தேடிப் பார்த்துச் சிரிப்பீர்கள். சிரித்தவர்கள் போதும். எண்பத்தேழில் வந்த படம். காலேஜ் ஆஸ்டல் பையன்கள் ஐந்து பேர், ஒரு மொட்டைத்தலை வார்டன், பரீட்சையைத் தள்ளிப்போட அந்தப் பையன்கள் அடிக்கிற கூத்து. கதை என்று கேட்டால் அவ்வளவுதான். ஒருவன் பசுமாட்டை மாடிக்கு ஏற்றுவான். ஒருவன் வார்டனின் வேட்டி நுனியில் சரவெடியைக் கட்டுவான். ஐந்தாமவன் செத்தவனாகப் பாடையில் படுப்பான். செத்தவனுக்கு ஊரில் பெண்டாட்டி இருந்தாள் என்று வார்டனை நம்பவைக்க, மற்ற நாலு பேரும் எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிவந்து வெள்ளைச் சேலை கட்டி உட்கார வைப்பார்கள். அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழ அழ, பிணத்தின் காலில் கட்டெறும்பு ஏறும். அரை நிமிஷம் வரும். அந்த அரை நிமிஷப் பெண்தான் சென்னியம்மாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் தம்பி ஜெகதீஸ்வரன் வைத்திருக்கும் கோழிப்பண்ணையில் இருக்கிறாள். விடிந்தால் தீவனம், மதியம் முட்டை அறையில் கீறல் விழுந்ததைப் பிரித்து வைக்கிற வேலை. முட்டையைக் கையில் எடுத்து ஒரு உருட்டு உருட்டினால் போதும், கீறலைச் சொல்லிவிடுவாள். வாயும் அப்படித்தான். தீவன லாரி டிரைவர்கள் அவளைக் கண்டால் பீடியை அணைத்துவிட்டு நிற்பார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, ஆகவிடவில்லை என்பதுதான் சரி.

நடந்தது இதுதான். அப்போது அவர்கள் குடும்பம் பனமரத்துப்பட்டி பக்கம் இருந்தது. அப்பா பெயர் சின்னண்ணன். ஊரிலேயே நல்ல மாட்டுவண்டி அவருடையது. ஏரிக்கரைக்கு சினிமாக்காரர்கள் வந்து இறங்கியதும் அவர் வண்டியை இரண்டு நாளைக்குக் கேட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டின் கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டு போனார். இரண்டாம் நாள் அவருக்குச் சோறு கொண்டுபோன சென்னியம்மாளுக்குப் பதினைந்து வயது. பாவாடை தாவணி, எண்ணெய் தேய்த்த சடை. விதவையாக நடிக்கவேண்டிய நாடகக்காரப் பெண் காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். டைரக்டர் கண்ணில் இவள் பட்டாள்.

"பாப்பா சும்மா உக்காந்து அழுவணும், அவ்ளோதான்" என்றார் அவர்களுடைய மேனேஜர். சின்னண்ணன் சிரித்த முகமாய்ச் சரி என்றார். என் மகள் சினிமாவில் வரப்போகிறாள் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். திரும்பி வந்து பார்த்தால், மகளுக்கு வெள்ளைச் சேலை, நெற்றியில் பொட்டு அழித்த தடம், காலடியில் கண்ணாடி வளையல் உடைந்து கிடக்கிறது. அழுகைக் காட்சி எடுத்து முடிந்தாயிற்று. கல்யாணம் ஆகாத பெண்ணை, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு ஏறுவதற்கு முன்னாலேயே, நாற்பது ஆம்பிளைகள் நடுவில் தாலியறுத்தவளாக உட்கார வைத்திருக்கிறார்கள். எந்தத் தகப்பன் பொறுப்பான்? மாடு ஓட்டுகிற தார்க்குச்சியோடு கேமராவுக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, என்ற புள்ளைய என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க? இத யாரு ஊட்டுல போய் நான் குடுக்கறது?"

மேனேஜர் பழம் தின்று கொட்டை போட்டவர். பதறவில்லை. "பெரியவரே, இதுக்கெல்லாம் எங்ககிட்ட பரிகாரம் இருக்கு. பொணமா நடிச்சவங்க, தாலி அறுக்கற மாதிரி நடிச்சவங்க எல்லாரையும் உடனே பூ வெச்சு, பொட்டு வெச்சு, சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுத்துருவோம். தோஷம் கழிஞ்சிரும். உங்க பொண்ணோட சிரிப்பைப் படத்தோட கடைசியில, வணக்கம் போடற இடத்துல வெக்கறோம். ஊரே பாக்கும். போதுமா?"

சின்னண்ணன் தார்க்குச்சியைக் கீழே போட்டார். கதாநாயகிக்கு வைத்திருந்த சிவப்புப் பட்டுச்சேலையை அவளுக்குக் கட்டினார்கள். முகத்துக்கு மஞ்சள், கை நிறைய வளையல், தலை கொள்ளாமல் மல்லிகை. ஏரிக்கரை மேட்டில் நிற்க வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். முதலில் வெட்கம். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற சுருட்டைமுடி அண்ணன், "இன்னும் நல்லா சிரிம்மா" என்றான். சிரித்தாள். அப்பா வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு பார்த்ததைப் பார்த்ததும் இன்னும் சிரிப்பு வந்தது. பத்து நிமிஷம் சிரித்தாள். கல்யாணப் பெண் கோலத்தில் அவள் வாழ்க்கையில் நின்றது அந்தப் பத்து நிமிஷம்தான்.

படம் ராசிபுரத்துக்கு வந்தபோது சின்னண்ணன் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதற்குள் ஊரில் முணுமுணுப்பு கிளம்பியிருந்தது. பெண்ணைக் கட்டுவதாக இருந்த முறை மாப்பிள்ளையின் அம்மா, சின்னண்ணனின் சொந்தத் தங்கை சுப்பம்மாள், முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். கடைசியில் வருகிற சிரிப்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, சுப்பம்மாள் குடும்பம் உட்பட இருபத்திரண்டு சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். இடைவேளைக்குப் பிறகு அந்தக் காட்சி வந்தது. வெள்ளைச் சேலையில் சென்னியம்மாள் மார்பில் அடித்து அழ, பிணம் காலைச் சொறிய, கொட்டகையே விழுந்து விழுந்து சிரித்தது. சுப்பம்மாள் சேலை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"இருங்கொ, கடைசில பாருங்கொ, கடைசில சிரிக்கறா" என்று சின்னண்ணன் இருட்டில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தார். ஒருத்தர் எழுந்தால் சொந்தத்தில் மற்றவர் உட்கார முடியுமா? இருபத்திரண்டு பேரும் வெளியே வந்தார்கள். கடைசி வரை யாரும் பார்க்கவில்லை. படம் ஒன்பதாம் நாள் பெட்டிக்குள் போனது. முறை மாப்பிள்ளை அடுத்த தை மாதம் வேறு இடத்தில் தாலி கட்டினான்.

அதற்குப் பிறகு வந்த வரன்களும் அப்படித்தான். வருவார்கள், காபி குடிப்பார்கள், வாசல் தாண்டுமுன் யாராவது ஒருத்தி, "அந்தப் படத்துல தாலியறுத்த புள்ள இதுதானுங்களா" என்று கேட்பாள். இருபத்தெட்டு வயதோடு பெண் பார்க்க வருவதும் நின்றது. சின்னண்ணன் சாகும்போதும் அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேசினார். "அதப் பாத்திருந்தாங்கன்னா செரியாப் போயிருக்கும் சாமி."

தம்பி கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். ஜெகதீஸ்வரனுக்கு உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். இவளை விட்டுவிட்டுப் பெரியப்பன் மகளை நிறுத்தினார்கள். "உனக்கு உடம்புக்கு முடியலீன்னு சொல்லிப்போட்டோம்" என்றாள் அம்மா. உடம்புக்கு என்ன கேடு, கல்லாட்டம் இருந்தது. பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அன்றிலிருந்து எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி ஏறிய பிறகு பந்திக்கூடத்து வழியாக உள்ளே போவாள். யாரும் அவளை வராதே என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

தம்பி மகன் யோகேஷை வளர்த்தது அவள்தான். தம்பி பெண்டாட்டி பூவாயி பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் எழுந்திருக்கவில்லை. குழந்தை இவள் நெஞ்சில்தான் தூங்கியது. இப்போது அவனுக்குக் கல்யாணம். பெண் நித்யஸ்ரீ, திருச்செங்கோட்டுக்காரர்கள். தேதி குறித்த அன்று சென்னியம்மாள் கீறல் முட்டையையும் நல்ல முட்டையையும் கலந்து அடுக்கிவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. யோகேஷ் தாலி கட்டுவதை முன்னால் நின்று கண்ணால் பார்க்கவேண்டும். அதை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேட்காமலே அந்த ஆசையைக் கண்டுபிடித்தது யோகேஷின் தங்கை தனப்பிரியா. அவள் பெங்களூர்க் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். ஒருநாள் மத்தியானம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முட்டை அறைக்கு ஓடிவந்தாள்.

"அத்தே, உங்க படம் வந்திருக்குதுங்க. நெட்டுல முழுசா போட்டிருக்கறாங்க. மூணு லட்சம் பேரு பாத்திருக்கறாங்க."

சென்னியம்மாளின் கை நின்றது. "கடைசி வரைக்கும் இருக்குதா?"

"ரெண்டு மணி நேரம் எட்டு நிமிசம். எல்லாமே இருக்குதுங்கத்தே. அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டி எடுத்து நம்ம சொந்தக்காரங்க குரூப்புல போட்டுர்றேன். அம்மா பாக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும். அப்பறம் யாரு என்ன பேசறாங்கன்னு பாக்கலாம்."

இருவரும் முட்டை அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தார்கள். படம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். மாடு மாடியேறியபோது சென்னியம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வார்டன் வேட்டியோடு ஓடியபோது தனப்பிரியாவின் தொடையில் அடித்தாள். அப்புறம் பாடை வந்தது. திரையில் அழுகிற பெண்ணைப் பார்த்து அவள் சொன்னது ஒன்றுதான்: "எத்தன சின்னப் புள்ள." அதன்பிறகு சிரிக்கவில்லை. முடிவுக்குக் காத்திருந்தாள். கடைசியில் ஐந்து பையன்களும் ஏரிக்குள் குதித்தார்கள். குதித்தபடி படம் நின்றது. அதன்மேல் வணக்கம் என்று எழுத்து விழுந்தது. திரை கறுத்தது.

"இதுக்கப்பறம் இருக்குதா?"

"இல்லீங்கத்தே."

"நல்லாப் பாரு சாமி."

தனப்பிரியா இரண்டு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தாள். இல்லை. வெட்டியிருப்பார்கள், வேறு எங்காவது முழுப்படம் இருக்கும் என்று தேடினாள். அப்படித் தேடும்போதுதான் அந்தப் பேட்டி கிடைத்தது. பழைய படங்களைப் பற்றிப் பேசுகிற ஒரு சேனல். உட்கார்ந்திருந்தவர் அந்தக் காலத்துக் கேமரா உதவியாளர். சுருட்டைமுடி போய் வழுக்கை விழுந்திருந்தது. குரல் அதேதான். சென்னியம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது.

"அந்தப் பொணம் சீன் எடுத்தப்ப ஒரு காமெடி நடந்துச்சு சார்" என்று ஆரம்பித்தார் அவர். "அந்தப் பொண்ணோட அப்பா குச்சியோட வந்து நின்னுட்டாரு. எங்க மேனேஜர் சிரிக்கிற ஷாட் எடுத்துத் தர்றோம்னு சமாதானம் பண்ணிட்டாரு. கையில இருந்தது ஒரே ஒரு டப்பா பிலிம். இதுக்குப் போய் வீணாக்குவாங்களா? டைரக்டர் என் காதுல சொன்னாரு, வெறும் கேமராவ ஓட்டுடான்னு. ஓட்டினேன். அது பாவம், உள்ள பிலிம் இருக்குன்னு நெனச்சு பத்து நிமிஷம் சிரிக்குது சார். நான் வேற, இன்னும் நல்லா சிரிம்மாங்கறேன்."

பேட்டி எடுத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள் போட்டிருந்தார்கள் ஜனங்கள்.

தனப்பிரியா மூடப் போனாள். சென்னியம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "இன்னொருக்கா போடு." இரண்டாம் தடவையும் கேட்டாள். பிறகு எழுந்து போய் முட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஒரு அட்டை முடிந்து இரண்டாவது அட்டையில்தான் அழுதாள். தனக்காகக்கூட அவ்வளவு அழவில்லை. இருட்டில் ஒவ்வொரு கையாகப் பிடித்து இழுத்த அப்பனை நினைத்துத்தான் அழுதாள். இல்லாத ஒன்றைக் காட்டுவதற்காக அந்த மனுஷன் அத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறான். கடைசி வரை உட்கார்ந்திருந்தால் இன்னும் கேவலமாகப் போயிருக்கும். முப்பத்தெட்டு வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்த இல்லாத சிரிப்பையேதான்.

தனப்பிரியா அன்றே அண்ணனிடம் சொன்னாள். யோகேஷ் நேராக அம்மா அப்பாவிடம் போனான். "அத்த முன்னாடி நிக்கலீன்னா நான் தாலி கட்ட மாட்டேன். எனக்குப் படமும் தெரியாது, தோசமும் தெரியாது."  பூவாயி கெட்டவள் இல்லை. ஆனால் சம்பந்தி வீட்டை நினைத்துப் பயப்படுகிறவள். மறுநாள் சேலத்துக்குப் போய் அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்துவந்து நாத்தனார் கையில் கொடுத்தாள். "கட்டீட்டு வாங்கண்ணி. என்ன வந்தாலும் பாத்துக்கலாம்." அவ்வளவு நாளில் முதல் தடவையாக ஒருத்தி வா என்று சொன்னாள்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். குடும்பம் முந்தின நாளே நாமக்கல் மண்டபத்துக்குப் போய்விட்டது. பண்ணைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்று தங்கிய சென்னியம்மாள், காலைத் தீவனத்தை முடித்துக் குளித்து, அரக்குப் பட்டைக் கட்டி, எட்டரைக்குப் பண்ணை வேனில் வந்து இறங்கினாள். தலையில் பூ வைத்திருந்தாள். வாசலில் ஒரு கூட்டம் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. என்னவென்று நிமிர்ந்து பார்த்தாள்.

யோகேஷின் கூட்டாளிகள் வைத்த பிளக்ஸ். பத்தடி உயரம். கல்யாணத்துக்குக் கூட்டாளிகள் கேலியாகப் பிளக்ஸ் வைப்பது இங்கே எல்லா ஊரிலும் நடப்பதுதான். இந்தக் கடங்காரப் பயல்கள் போனில் சுற்றிக்கொண்டிருந்த படத்திலிருந்து அந்தப் பாடைக் காட்சியை எடுத்திருந்தார்கள். பிணத்தின் முகத்துக்கு யோகேஷின் முகம். மேலே கண்ணீர் அஞ்சலி. கீழே தோற்றம், மறைவு, மறைவுக்கு நேரே அன்றைய தேதி. பக்கத்தில் வெள்ளைச் சேலையில், அழித்த பொட்டோடு, மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற பதினைந்து வயது சென்னியம்மாள். யாரோ ஒரு படத்தில் யாரோ ஒரு பெண் என்பதற்கு மேல் அந்தப் பயல்களுக்கு ஒன்றும் தெரியாது.

பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி கொதித்துக்கொண்டிருந்தாள். "கண்ணாலத்து வாசல்ல தாலியறுத்தவ படத்த வெப்பீங்களா? மாப்பளையப் பொணமாட்ட படுக்க வெச்சு? யாருடி அவ, மூதேவியாட்ட?"

"காமெடிங்க பெரீம்மா. எல்லாரும் பாக்கற படமுங்க" என்றான் ஒரு பையன்.

சத்தம் கேட்டு ஜெகதீஸ்வரன் உள்ளிருந்து ஓடிவந்தான். பிளக்ஸைப் பார்த்தான். அதற்கு நேர் கீழே பட்டுச்சேலையில் நின்ற அக்காவைப் பார்த்தான்.  பெண் வீட்டார் ஒவ்வொருவராகக் கூடிக்கொண்டிருந்தார்கள். பூவாயி வாசற்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.  அவன் அக்காவின் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"அக்கா, நீ செத்தெ நேரம் வேன்ல உக்காரு. யாருக்காச்சும் தெரிஞ்சு போச்சுன்னா... தாலி ஏறட்டும். நானே வந்து கூட்டீட்டுப் போறேன்."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அது அவளுக்குத் தெரிந்தது. பயல் சின்னதில் கோழி செத்தாலே அழுகிறவன். "செரி சாமி, நீ போய் வேலையப் பாரு" என்றாள்.

வேன் மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கூடத்துப் பக்கம் நின்றது. ஏறி உட்கார்ந்தாள். கொஞ்சநேரத்தில் பையன்கள் நாலு பேர் பிளக்ஸை அவிழ்த்துச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாசலில் போட்டால் யாராவது பார்ப்பார்கள், வேனில் போட்டுவிடு என்று ஜெகதீஸ்வரன் சொல்லியிருக்கவேண்டும்.

"அக்கா, காலக் கொஞ்சம் ஒதுக்கிக்கங்க" என்றான் ஒருவன்.

சென்னியம்மாள் காலை ஒதுக்கிக்கொண்டாள். அவர்கள் அதைச் சீட்டுக்கு அடியில் திணித்தார்கள். முழுக்க உள்ளே போகவில்லை. நுனி அவள் பாதத்தின்மேல் கிடந்தது. கதவைச் சாத்திவிட்டு, தாலி கட்டுவதைப் பார்க்க ஓடினார்கள்.

போன் அடித்தது. தனப்பிரியா. பின்னால் நாதஸ்வரமும் ஐயர் குரலும் கேட்டன. "அத்தே, எங்கிருக்கறீங்க? அண்ணன் திரும்பித் திரும்பித் தேடறான். தாலியக் கைல வாங்கீட்டான். அத்த வரட்டும்னு நிக்கறான்."

"இங்கதான் சாமி, பின்னால நிக்கறேன். கூட்டமா இருக்குது, முன்னால வர முடியல. கட்டச் சொல்லு."

"எங்களத் தெரியுதுங்களா?"

"தெரியுது. நல்லாத் தெரியுது. பட்டு வேட்டில ராசாவாட்ட நிக்கறான். கட்டச் சொல்லு, நேரமாவுது."

தனப்பிரியா போனை அணைக்க மறந்துவிட்டாள். கெட்டிமேளம் போனிலும் கேட்டது, மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் கேட்டது. சென்னியம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமல், மேளம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.